சாம்பல் கால்தடம்: பூனை லிட்டர் வந்த கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தப்பட்டிருக்கிறது.)

இந்த எபிசோடுக்குக் காரணம் எங்க அம்மாவோட பாதம்.

காலை ஐந்தரை மணி. அம்மா வாசல் தெளிக்க எழுந்து ஹாலைத் தாண்டி வர்றாங்க. சரக், சரக். அடுத்த சத்தம் என் பேர். "டேய், வந்து பாரு. உன் பூனை ராத்திரியோட ராத்திரியா நல்லவாடு பீச்சை வீட்டுக்குள்ள கொண்டாந்து கொட்டிருக்கு."

பூனையோட பேர் பைட். சாஃப்ட்வேர் வேலை பாக்குறவன் வேற என்ன பேர் வைப்பான். அம்மா மட்டும் 'பட்டு'ன்னு கூப்பிடுவாங்க, அது அதுக்குத்தான் திரும்பும். இதுக்கு முன்னாடி இருந்த பூனையைக் கடலூர் ரோட்டுல வண்டி அடிச்சுப் போட்டுடுச்சு. அதனால பைட்டை வெளியே விடுறதே இல்ல. வெளியே விடலன்னா வீட்டுக்குள்ள ஒரு டிரே வேணும், டிரேக்கு லிட்டர் வேணும். முதல் தடவை ஐந்து கிலோ பை வாங்கிட்டு வந்தப்போ அம்மா கேட்டாங்க, "லிட்டர்ங்கிற, கிலோவுல விக்கிறான்?"

மூணு மாசம் இது வெறும் காமெடியா ஓடுச்சு. அப்புறம் அக்காவுக்கு வளைகாப்பு தேதி குறிச்சாங்க. வளைகாப்பு முடிஞ்சதும் அக்கா பிரசவத்துக்கு எங்க வீட்டுக்கு வரணும். அன்னைக்கு ராத்திரி அம்மா சாப்பாடு போட்டுக்கிட்டே சொன்னாங்க: "அவ வர்றதுக்குள்ள இந்த மண்ணு விவகாரத்தை முடி. இல்லன்னா பட்டுவை யார்கிட்டயாவது குடுத்துடு." கோபமே இல்லாம சொன்னாங்க. அதான் பயமா இருந்தது.

ஒரு பக் வந்தா, சரி பண்றதுக்கு முன்னாடி அது எந்த வெர்ஷன்ல உள்ளே வந்ததுன்னு தேடுவோம் இல்லையா? அதே மாதிரி தேடினேன். வீடு முழுக்க இரையுற இந்தப் பொருளைக் கண்டுபிடிச்சதே, வீடு முழுக்க வேற ஒண்ணு இரைஞ்சதாலதான்.

மண்ணு இருந்த வரைக்கும்

முதல்ல பூனை பக்கத்து நியாயம். நம்ம வீட்டுப் பூனைகளோட மூதாதை, மேற்கு ஆசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் திரிந்த காட்டுப்பூனை. வறண்ட நிலத்து விலங்கு. குழி தோண்டும், வேலையை முடிக்கும், மூடும். மனிதர்களோட ஒட்டிக்கிட்டு சுமார் பத்தாயிரம் வருஷம் ஆச்சு. சைப்ரஸ் தீவுல சுமார் 9,500 வருஷத்துக்கு முந்தைய ஒரு கல்லறையில மனிதருக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருக்கு. இத்தனை காலத்துல அது சோபா ஏறக் கத்துக்கிச்சு. தோண்டுறதை மட்டும் விடல.

நம்ம ஊர்ல இது பிரச்சினையாவே இருந்ததில்ல. எங்க ஆயா வீட்டுல பூனை இருந்தது, டிரே இருந்ததில்ல. கொல்லைப்புறத்துல மண்ணு இருந்தது. அடுப்புச் சாம்பல் கொட்டுற மூலை இருந்தது. தெருவுல யாராவது வீடு கட்டினா ஆத்து மணல் குவியல் வந்து இறங்கும், அன்னைக்கு அந்தத் தெருப் பூனைகளுக்குத் திருவிழா. கொத்தனார் மணல் சலிக்கும்போது திட்டுற திட்டை நீங்களும் கேட்டிருப்பீங்க. வீட்டுக்குள்ள சாணம் மெழுகின தரை, இல்லன்னா சிமெண்ட் தரை. பூனை காலோட நாலு மணல் துகள் உள்ளே வந்தா யார் கண்ணுக்குத் தெரியும்? எல்லார் காலோடயும் மண்ணு வந்துச்சு.

இப்போ தவளக்குப்பத்துல மனை மனையா வீடு எழும்பிடுச்சு. கொல்லை இருந்த இடத்துல கார் ஷெட். தரை பூரா பளபளன்னு வெள்ளை டைல்ஸ். அதுல ஒரு துகள் கிடந்தாலும் கண்ணுக்குத் தெரியும், காலுக்கும் தெரியும். பூனை அன்னைக்கு செஞ்சதையேதான் இன்னைக்கும் செய்யுது. நாம தரையை மாத்திட்டோம்.

நம்ம பாண்டியில சமீபத்துல நடந்த இந்த மாற்றம், குளிர் நாட்டுக்காரங்களுக்குக் கொஞ்சம் முன்னாடியே வந்துடுச்சு. பனிக்காலத்துல அங்கே மண்ணு உறைஞ்சு கல்லாயிடும். பூனையால தோண்ட முடியாது. அதனால வீட்டுக்குள்ள ஒரு பெட்டி வெச்சு, அதுல மணல், கிழிச்ச நியூஸ்பேப்பர், இல்லன்னா அடுப்புச் சாம்பல் போட்டாங்க. முக்கால்வாசிப் பேர் ராத்திரி பூனையை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திட்டாங்க.

1947 ஜனவரி

1947ன்னா நமக்கு சுதந்திரம். பாண்டிக்காரங்களுக்கு அதுவும் இல்ல, நாம 1954 நவம்பர் 1 வரைக்கும் பிரெஞ்சு ஆட்சியில இருந்தோம். இந்தக் கதையோட 1947 நடக்கிறது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துல, கேசோபோலிஸ்ங்கிற சின்ன ஊர்ல.

எட்வர்ட் லோ, வயசு இருபத்தாறு. உலகப் போர்ல கடற்படையில இருந்துட்டுத் திரும்பி வந்து, அப்பாவோட கடையில உட்கார்ந்திருந்தார். ஐஸ், நிலக்கரி, மரத்தூள் விக்கிற கடை. மரத்தூளை வாங்குறது மெக்கானிக் ஷெட்டுக்காரங்க. தரையில கொட்டின எண்ணெயை உறிஞ்ச அதைத் தூவுவாங்க. ஆனா எண்ணெய் குடிச்ச மரத்தூள் சட்டுனு தீப்பிடிக்கும். அதுக்குப் பதிலா லோ ஒரு வகைக் களிமண் விக்க ஆரம்பிச்சிருந்தார். சூளையில காயவெச்சு உடைச்ச சின்னச் சின்னக் கட்டிகள். ஆங்கிலத்துல ஃபுல்லர்ஸ் எர்த். கோழி வளர்க்கிறவங்ககிட்ட, கூட்டுல போடலாம்னு சொல்லியும் வித்துப் பாத்தார். அது போகல.

ஜனவரி மாசம் ஒரு நாள் பக்கத்துல குடியிருந்த கே டிரேப்பர்ங்கிற அம்மா கடைக்கு வந்தாங்க. அவங்க பூனைப் பெட்டிக்குப் போடுற மணல் குவியல் பனியில உறைஞ்சு போச்சு. மணலுக்குப் பதிலா சாம்பல் போட்டாங்க. பூனை பெட்டிக்குள்ள இறங்கி ஏறி வந்து வீடெல்லாம் கறுப்புக் கால்தடம் பதிச்சிடுச்சு. "கொஞ்சம் மணல் கிடைக்குமா?"ன்னு கேட்டாங்க.

லோ, மணலுக்குப் பதிலா இதைப் போட்டுப் பாருங்கன்னு அந்தக் களிமண்ல ஒரு பை கொடுத்தார். கொஞ்ச நாள்ல அவங்க திரும்பி வந்தாங்க, இனிமே எனக்கு இதுதான் வேணும்னு. அவங்களோட தோழிகளும் கேட்டு வந்தாங்க. லோ வாழ்நாள் பூரா திரும்பத் திரும்பச் சொன்ன கதை இது.

அவர் பத்துக் காகிதப் பைகள்ல ஆளுக்கு ஐந்து பவுண்டு, நம்ம கணக்குல ரெண்டே கால் கிலோ, நிரப்பி மேல 'கிட்டி லிட்டர்'னு எழுதினார். விலை 65 சென்ட். கடைக்காரர் சிரிச்சார். மணல் கிட்டத்தட்ட சும்மா கிடைக்குது, இதை எவன் காசு கொடுத்து வாங்குவான்? சரி, சும்மாவே கொடுங்கன்னு சொல்லிட்டு வந்துட்டார் லோ. எடுத்துட்டுப் போனவங்க காசோட திரும்பி வந்தாங்க. அதுக்கப்புறம் காரோட டிக்கியில மூட்டைகளை ஏத்திக்கிட்டு ஊர் ஊராப் போனார். பூனைக் கண்காட்சிகள்ல பெட்டிகளைச் சுத்தம் பண்ணிக் கொடுத்து, பதிலுக்கு ஒரு மேசை போட்டுக்கிட்டு வித்தார். 1964ல 'டைடி கேட்'ங்கிற பேர்ல சூப்பர் மார்க்கெட்டுகளுக்குள்ள போனார். 1990ல தொழிலை வித்தார். 1995ல இறந்தார்.

அந்தக் கதையில கே டிரேப்பர் என்ன கேட்டாங்கன்னு திரும்பக் கவனிங்க. நாத்தம்னு சொல்லல. பெட்டி அழுக்குன்னு சொல்லல. தரையில கால்தடம்னு சொன்னாங்க. இந்த முழுத் தொழிலோட முதல் பக் ரிப்போர்ட் அதுதான். எங்க அம்மா காலையில ஐந்தரை மணிக்குக் கொடுக்கிற அதே ரிப்போர்ட்.

முல்தானி மிட்டி

அந்தக் களிமண் நமக்குப் புதுசு இல்ல. மளிகைக் கடையில முகத்துக்குப் பூசன்னு விக்கிற முல்தானி மிட்டி அதே குடும்பம்தான். முகத்துல எண்ணெயை உறிஞ்சறதும், மெக்கானிக் ஷெட் தரையில எண்ணெயை உறிஞ்சறதும், பூனை டிரேல ஈரத்தை உறிஞ்சறதும் ஒரே வேலை. துகளுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத சந்துகள் ஏகப்பட்டது இருக்கு. ஈரம் உள்ளே போய் உட்கார்ந்துக்கும். ஆத்து மணல்ல அது கிடையாது. மணல் துகள் கல்லு. ஈரம் அதைச் சுத்திக்கிட்டு அடியில போய்த் தேங்கும்.

'ஃபுல்லர்'ன்னா ஆங்கிலத்துல கம்பளித் துணியை மிதிச்சு வெளுக்கிறவர். ரோமானியர் காலத்துல பாம்பெய் மாதிரி ஊர்கள்ல இவங்க தொட்டிகளுக்குள்ள துணியைப் போட்டு, இந்த மாதிரி மண்ணும் புளிச்ச சிறுநீரும் சேர்த்துக் காலால மிதிப்பாங்க. சிறுநீர்ல வர்ற அமோனியா அழுக்கை எடுக்கும், மண்ணு எண்ணெய்ப் பசையை எடுக்கும். நம்ம பக்கத்துல வண்ணார்கள் உவர்மண் போட்டுத் துணி வெளுத்தாங்க. அதோட வேதியியல் வேற, அது காரம் சேர்ந்த மண்ணு. ஆனா மண்ணால சுத்தம் பண்ணலாம்ங்கிற அறிவு ரெண்டு பக்கமும் ரொம்பப் பழசு. லோ செஞ்சது, தரையில தூவுன மண்ணை ஒரு பெட்டிக்குள்ள மாத்தினது.

கட்டி பிடிக்கும் மண்

லோவோட களிமண்ணுல ஒரு குறை இருந்தது. அது குடிக்கும், ஆனா எந்தத் துகள் குடிச்சதுன்னு பிரிக்க முடியாது. நாலஞ்சு நாள்ல டிரே பூரா ஊறி நாறும். மொத்தத்தையும் கொட்டிட்டுப் புதுசா போடணும்.

அதுக்குத் தீர்வு 1984ல வந்தது. தாமஸ் நெல்சன்ங்கிற உயிர்வேதியியல் ஆள், பென்டோனைட் களிமண்ணைப் பூனைக்குப் போட்டுப் பாத்தார். சோடியம் வகை பென்டோனைட் தண்ணி பட்டா பல மடங்கு உப்பும், பசை மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டும். நனைஞ்ச இடம் மட்டும் உருண்டையாயிடும். கரண்டியால அள்ளிப் போட்டா மீதி மண்ணு அப்படியே இருக்கும்.

சென்னையில மெட்ரோ வேலை நடந்த இடத்துல, தோண்டின பள்ளம் சரியாம இருக்கச் சேறு மாதிரி ஒண்ணை ஊத்துவாங்களே, அது பென்டோனைட் கரைசல்தான். இந்தியாவுல இது பெரும்பாலும் குஜராத்தின் கட்ச், ராஜஸ்தானின் பாட்மேர் பக்கம் கிடைக்குது. அமெரிக்காவுல வயோமிங் மாநிலத்துல. அங்கே அது எப்படி உருவாச்சு தெரியுமா? கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி எரிமலை கக்கின சாம்பல், கடலடியில படிஞ்சு களிமண்ணா மாறினது. கே டிரேப்பர் சாம்பல் வேணாம்னு சொன்னாங்க. நாம சுத்திச் சுத்தி சாம்பலுக்கே வந்துட்டோம்.

இனிமேதான் நான் தேடின பக். உருண்டை இறுக்கமா பிடிக்கணும்னா துகள் பொடியா இருக்கணும். பெரிய கட்டிகளுக்கு நடுவுல சந்து இருக்கும், உருண்டை உதிர்ந்துடும். அதனால துகளைச் சிறுசாக்கினாங்க. சின்னத் துகள் பூனையோட விரல் இடுக்குல போய் உட்காரும். ஈரம் லேசா பட்ட பென்டோனைட் பாதத்துலயே ஒட்டும். பூனை டிரேல இருந்து குதிச்சு, ஹாலைத் தாண்டி, அம்மா கட்டில் வரைக்கும் நடக்கும்போது ஒவ்வொண்ணா உதிரும். அப்புறம் மூட்டை கனமா இருக்குன்னு ஜனங்க சொன்னதால 2010களில் லேசான வகைகள் வந்தது. லேசான துகளுக்கு விரல் இடுக்குல இருந்து தானா விழுற கனம்கூட இல்ல.

நாத்தம் வேணாம்னு கேட்டோம், அள்ளச் சுலபமா வேணும்னு கேட்டோம், தூக்க லேசா வேணும்னு கேட்டோம். மூணும் கிடைச்சது. மூணுக்குமான விலை தரையில கிடக்கு. நான் அதுவரைக்கும் பைட் மேலதான் தப்புன்னு நெனச்சுட்டு இருந்தேன்.

ஒரு சொல் மாறினால்

இந்த இடத்துல ஒரு கிளைக்கதை. லிட்டர் சிதறினதுலயே உலகத்துல பெரிய சம்பவம் எங்க வீட்டு ஹால்ல நடக்கல. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவுல நடந்தது.

அணு ஆயுத வேலையில மிஞ்சுற திரவக் கழிவை உறிஞ்ச, டிரம்முக்குள்ள களிமண் லிட்டர் போடுற வழக்கம் இருந்தது. களிமண்ணு எதோடயும் சண்டை போடாது. லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்துல ஒரு கட்டத்துல களிமண் வகைக்குப் பதிலா கோதுமையில செஞ்ச 'ஆர்கானிக்' லிட்டரை மாத்திட்டாங்க. 'இன்ஆர்கானிக்'னு சொன்னது குறிப்பு எடுத்தப்போ 'அன் ஆர்கானிக்'னு பதிவாகியிருக்கலாம்னு பேச்சு உண்டு. டிரம்முக்குள்ள இருந்த நைட்ரேட் உப்பும் கோதுமையும் சேர்ந்து சூடாகி, 2014 பிப்ரவரி 14 அன்னைக்கு, கார்ல்ஸ்பாட் பக்கத்துல பூமிக்கடியில அடுக்கி வெச்சிருந்த இடத்துல ஒரு டிரம் வெடிச்சுத் திறந்தது. கதிரியக்கத் துகள் கொஞ்சம் மேலேயும் வந்தது. அந்தக் கிடங்கு கிட்டத்தட்ட மூணு வருஷம் கழிவு வாங்கவே இல்ல.

லிட்டர் வகையை மாத்தும்போது எதுக்காக மாத்துறோம்னு தெரிஞ்சு மாத்தணும். இந்தப் பாடத்தோடதான் நான் கடைக்குப் போனேன்.

எங்க வீட்டு ரிலீஸ்

சிதறல் ரெண்டு வகை. தோண்டும்போது வெளியே தெறிக்கிறது ஒண்ணு. காலோட நடந்து போறது இன்னொண்ணு. ரெண்டுக்கும் மருந்து வேற.

தெறிக்கிறதுக்கு டிரே சுவர் உயரமா இருக்கணும். பழைய அரிசி டப்பா ஒண்ணு, முழங்கால் உயரம், அதுல ஒரு பக்கம் மட்டும் பூனை ஏறுற அளவுக்கு வெட்டி, ஓரத்தைத் தேய்ச்சு மழுக்கினேன். தெறிக்கிறது அன்னைக்கே நின்னுடுச்சு.

காலோட போறதுக்குத் துகள் பெருசாகணும். பொடி மண்ணை விட்டுட்டு, சோயாவுல செய்யுற குச்சி மாதிரி டோஃபு லிட்டருக்குப் போனேன். விரல் இடுக்குல மாட்டாது, மாட்டினாலும் ரெண்டாவது அடியில விழுந்துடும். விலை அதிகம். பைட் முதல் நாள் மோந்து பாத்துட்டு என் லேப்டாப் பையில போய் உட்கார்ந்தது, அதுக்கு மேல விவரம் வேணாம். பழைய மண்ணோட கொஞ்சம் கொஞ்சமா கலந்து ரெண்டு வாரத்துல மாத்தினேன்.

அப்புறம் தேன்கூடு மாதிரி ஓட்டை போட்ட பூனை மேட் ஒண்ணு ஆன்லைன்ல வாங்கினேன். பைட் அதை ஒரே தாவுல தாண்டிடுச்சு. அம்மா பாத்துட்டே இருந்தாங்க. ஒண்ணும் சொல்லாம மாடிப்படி அடியில கிடந்த தேங்காய் நார் கால்மிதி ரெண்டை எடுத்துட்டு வந்தாங்க. டப்பாவோட வாயைச் சுவர் பக்கம் திருப்பி வெச்சாங்க. சுவருக்கும் டப்பாவுக்கும் நடுவுல சந்து மாதிரி வழி, அதுல ரெண்டு கால்மிதியும் நீளமா. இப்போ தாவ இடமில்ல, நடந்துதான் வரணும். நாலு அடி நார் மேல நடந்தா காலு சுத்தம். "நீ வெளிய இருந்து வந்தா எங்க காலைத் தொடைப்ப? அதுவும் அங்கதான தொடைக்கணும்."

அக்கா விஷயத்துக்கு வருவோம். அம்மாவோட பயம் வெறும் கூட்டுற சலிப்பு இல்ல. பூனை மலத்துல டாக்ஸோபிளாஸ்மாங்கிற ஒட்டுண்ணி வரலாம், கர்ப்பமா இருக்கிறப்போ புதுசா தொத்தினா குழந்தையைப் பாதிக்கலாம். பூனை வழியா இது எப்படிப் பரவுதுன்னு அறிவியலுக்கே 1970 வாக்குலதான் தெளிவாச்சு. நாங்க அக்காவோட டாக்டர்கிட்டயே கேட்டோம். வெளியே போகாத, பச்சைக் கறி சாப்பிடாத பூனைகிட்ட வாய்ப்பு குறைவுன்னார். மலத்துல வெளியே வர்ற முட்டை தொத்துற நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும், அதனால தினமும் அள்ளிடணும், அக்கா டப்பா பக்கமே போகக்கூடாது, அள்ளுறவங்க கை கழுவணும். சரியா வேகாத கறி, கழுவாத கீரை, தோட்டத்து மண்ணு இதுலயும் அதே ஜாக்கிரதை வேணும்னார். பூனையை வெளியே அனுப்பச் சொல்லல.

அம்மா கேட்டுக்கிட்டாங்க. "தினமும் யாரு அள்ளுறது?" அந்தக் கேள்விக்கு மூணு மாசமா பதில் அம்மாவாத்தான் இருந்திருக்கு. டிரே என்னுது, பூனை என்னுது, தொடப்பம் மட்டும் அவங்க கையில. லோ பணக்காரர் ஆனார், பேர் வந்தது. கே டிரேப்பர், மணல் கேட்டு வந்த பக்கத்து வீட்டம்மாவா அந்தக் கதையில ஒரு வரி. தரையைத் துடைச்சவங்களுக்குத்தான் கால்தடம் தெரிஞ்சது. அவங்க போய்க் கேட்டதாலதான் மத்ததெல்லாம் நடந்தது. மூணு மாசம் அம்மா கேட்டதை நான் காமெடின்னு நெனச்சேன், இந்த எபிசோடோட முதல் பகுதியிலயும் அப்படித்தான் சொன்னேன்.

இப்போ காலை ஐந்தேகாலுக்கு எனக்கு அலாரம். அள்ளிட்டு, கால்மிதியை வெளியே தட்டிட்டு, ஹாலை ஒரு தடவை கூட்டிட்டுப் போய்த் திரும்பப் படுப்பேன். அப்புறம் அம்மா எழுந்து, செருப்பு போடாம, ஹாலைக் குறுக்கால மெதுவா நடந்து பாப்பாங்க. முழுசா பூஜ்யம் ஆகல. வாரத்துல ஒரு நாள் சரக்னு ஒரு சத்தம் வரும். ஆனா அக்கா வந்து பத்து நாள் ஆச்சு. பட்டு இன்னும் இங்கேதான் இருக்கு, இப்போ அக்காவோட தலகாணியில.

உங்க வீட்டுல யாரு கூட்டுறாங்கன்னு ஒரு தடவை பாத்துட்டு அடுத்த எபிசோடுக்கு வாங்க. வணக்கம்.